மேட்டுச் சங்கு

ஹாலிஎலைக்கு மேலே எங்கள் தோட்டத்தில் ஆனி கழிந்து காய்ந்த காற்று அடிக்கத் தொடங்கினால், நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கிற மேட்டு லயத்தில், பீலிக் குழாயில் தண்ணீர் சொட்டுப் போட ஆரம்பிக்கும். ஆடியில் அதுவும் நின்றுவிடும். அந்தக் காற்றுதான் எங்கள் தேயிலைக்கு வாசனை கொடுக்கிறதாம், தோட்டத்தை நடத்துகிற துரைமார் சொல்வார்கள். வாசனை கப்பலேறிப் போய்விடும். வறட்சி மட்டும் எங்களோடு தங்கிவிடும்.

பீலி நின்றால் பள்ளத்து ஓடைக்கு இறங்கி, குடத்தோடு செங்குத்தாக ஏற வேண்டும். முந்தைய வருஷம் அந்த ஏற்றத்தில்தான் என் தங்கச்சி வழுக்கி விழுந்தாள். வயிற்றில் இருந்த பிள்ளை போய்விட்டது. இந்த ஆடியில் அவளுக்கு மறுபடியும் ஏழு மாதம். அவள் புருஷன் நல்லவன்தான். ஆனால் குடம் தூக்கினால் ஆம்பிளை என்ற பெயர் போய்விடும் என்று நம்புகிற லயத்தில் பிறந்தவன். ஆகவே அவளுக்கும் சேர்த்து நான்தான் தண்ணீர் சுமந்தேன். "குடத்தத் தொட்டேன்னா கைய ஒடச்சிருவேன்" என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தேன். என் வாய் அப்படி.

தோட்டம் அரசாங்கத்தின் கைக்கு வந்து சில வருஷங்கள் ஆகியிருந்த காலம் அது. லயத்துக்குப் பக்கத்து மேட்டிலேயே குழாய்க் கிணறு தோண்டப்போகிறோம் என்று, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் துரை அறிவித்தார். அதற்கு ஒரு இன்ஜினியர் வந்தார். பதுளை டவுனில் புடவைக்கடை வைத்திருந்தவரின் மகன். அரபு நாட்டில் எண்ணெய்க் கிணறு தோண்டுகிற கம்பெனியில் வேலை பார்த்துத் திரும்பியவர். வாயைத் திறந்தால் 'சிஸ்டம்' என்பார். நாங்கள் அவருக்கு சிஸ்டம் ஐயா என்றே பெயர் வைத்துவிட்டோம்.

வந்த முதல் நாளே கொழுந்து நிறுக்கிற கொட்டகைச் சுவரில் சுண்ணக்கட்டியால் பெட்டி பெட்டியாக வரைந்தார். ஒரு பெட்டி என்ஜின், ஒரு பெட்டி துளைக்கிற கம்பி, ஒரு பெட்டி சேற்றுத் தொட்டி. பெட்டிக்குப் பெட்டி கோடு இழுத்து, எல்லாவற்றையும் சுற்றிப் புள்ளி புள்ளியாக ஒரு வேலி போட்டார்.

"இது வெறும் மெஷின் இல்ல, சிஸ்டம். கம்பி தன்னாலயே கீழ எறங்கும். பாறை வந்தா தன்னாலயே மெதுவாகும். சிக்குனா நின்னு சங்கு ஊதும். ஆள் கை வைக்கத் தேவையில்ல."

"இதுல நாங்க எந்தப் பெட்டிங்கய்யா?" என்று கேட்டேன்.

"நீங்க சிஸ்டத்துக்கு வெளிய. அந்தப் புள்ளிக் கோட்டுக்கு அந்தப் பக்கம். மழை, காத்து, மண்ணு, ஆளுங்க எல்லாமே வெளிப்புறம்."

"ரத்தம் குடிக்கிற அட்டையுமாங்கய்யா?" என்றாள் என் பக்கத்தில் நின்றவள்.

கொஞ்சம் யோசித்து, "அட்டையும்தான்" என்றார். படித்த மனுஷர், பதில் சொல்லாமல் விடுவதில்லை.

கடைசியாக, அந்த மெஷினில் தனக்கு மிகவும் பிடித்த வித்தையைச் சொன்னார். களிமண்ணைக் கரைத்துக் குழாய் வழியாக உள்ளே விடுவார்களாம். அது துளையைக் கழுவிக்கொண்டு மேலே வந்து தொட்டியில் விழுமாம். தொட்டியில் ஒரு மிதவை. விட்டதைவிடக் கூடுதலாகத் திரும்பி வந்தால் மிதவை உயரும். அடியிலிருந்து எதுவோ தானாகப் பொங்கி வருகிறது என்று மெஷினுக்குப் புரிந்துவிடும். உடனே நின்று, துளையின் வாயை அடைத்து, கெட்டிச் சேற்றை உள்ளே இறக்கி, வருவதை அடக்கிவிடும். எண்ணெய்க் கிணற்றில் இப்படித்தான் எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியதாம். துரை கைதட்டினார். கங்காணி தட்டினார். நாங்களும் தட்டினோம். தண்ணீருக்கு ஏங்கிக் கிடந்த அத்தனை பேரும் நின்று கைதட்டினோம் என்பதை இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

மெஷினுக்கு ஒரு சங்கு வேண்டியிருந்தது. புதிதாக வாங்குவானேன் என்று இஸ்டோரில், அதாவது எங்கள் தேயிலைத் தொழிற்சாலையில், சும்மா கிடந்த இன்னொரு சங்கைக் கழற்றி மாட்டினார்கள். கொழுந்து நிறுக்க எங்களைக் கூப்பிடுகிற சங்கும் அதுவும் ஒரே ஜோடி. சத்தத்தில் ஒரு நூல் வித்தியாசம் கிடையாது.

மெஷின் ஓடத் தொடங்கி ஒன்றிரண்டு நாளில் கம்பி பாறையில் சிக்கியது. சங்கு ஊதியது. மலை முழுக்கக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் அரைக்கூடையோடு கொட்டகைக்கு இறங்கிவிட்டோம். கங்காணிக்குக் கண் சிவந்துவிட்டது.

"யாரு ஒங்கள வரச் சொன்னா?"

"சங்குதாங்க சொல்லிச்சு" என்றேன்.

"அது மெஷினோட சங்கு."

"அத சங்குகிட்ட சொல்லுங்க."

பின்னேரம் துரையும் இன்ஜினியரும் கூடிப் பேசினார்கள். சத்தத்தை மாற்றலாமே என்று துரை கேட்டிருக்கிறார். ஒன்றை மாற்றினால் முழு சிஸ்டத்தையும் மறுபடி சோதிக்க வேண்டும், தவிரவும் யார் காதில் என்ன விழுகிறது என்பது வெளிப்புற விவகாரம் என்று இவர் சொல்லிவிட்டார். மறுநாள் பெரட்டில் கங்காணி தீர்ப்பைச் சொன்னார்: "மேட்டுச் சங்கு ஊதுனா, ஊதலன்னு வச்சுக்கங்க."

நாங்களும் அப்படியே வைத்துக்கொண்டோம். மேட்டுப் பக்கத்திலிருந்து வந்தால் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. லயத்தில் எவனாவது குடித்துவிட்டு வந்து கத்தினால், "விடு புள்ள, அது மேட்டுச் சங்கு" என்று பெண்கள் சொல்லிச் சிரிக்கிற அளவுக்கு அது பேச்சாகிவிட்டது. ஆள் தேவைப்படாத மெஷின் என்பதால், காவலுக்கு நின்ற இரண்டு பேரையும் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்ட அனுப்பிவிட்டார்கள்.

இப்படி இருக்கையில் ஒரு நாள் மத்தியானத்துக்கு முன்னால் மேட்டுச் சங்கு ஊதியது. ஊதியது, ஊதிக்கொண்டே இருந்தது. இன்ஜினியர் சாப்பிடப் பதுளைக்குப் போயிருந்தார். மலையில் ஒருத்தியும் அசையவில்லை. நானும்தான். கொழுந்தை எடுத்துக் கூடையில் போட்டபடி, "இன்னிக்கி என்னா இதுக்கு, ரொம்பக் கத்துது" என்றுகூடச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் அதுவாகவே நின்றது.

நிறுவை முடிந்து லயத்துக்குத் திரும்பும்போது, ஓடை ஏற்றத்தின் பாதியில் தங்கச்சி உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்திருந்தாள். குடம் கீழே புதருக்குள் நசுங்கிக் கிடந்தது.

"சங்கு ஊதுச்சேக்கா" என்றாள். "கொழுந்து நிறுத்துட்டு நீ வந்து ஏசுவன்னு வெரசா ஏறுனேன், வழுக்கிருச்சு."

வேலைக்குப் போகிறவளாக இருந்தால் பெரட்டுக்கு வந்திருப்பாள், கங்காணியின் தீர்ப்பும் காதில் விழுந்திருக்கும். நாங்களும் லயத்தில் சொல்லிச் சிரித்தோமே ஒழிய, பள்ளத்தில் நின்றால் இரண்டு சங்கும் ஒரே திசையிலிருந்து கேட்கும் என்று எவளுக்குத் தோன்றியது? அவளைத் தாங்கிப் பிடித்துக் லயத்துக் காம்பரா அறைக்குள் கொண்டுபோய்ப் படுக்க வைத்தேன். மருத்துவிச்சி வந்து வயிற்றைத் தடவிப் பார்த்தாள். "புள்ள அசையணும். பாப்பம்" என்றாள். அந்த 'பாப்பம்' என்னை உட்கார விடவில்லை. எவன் அந்தச் சங்கை ஊதினான் என்று கேட்கத் தலைமுண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு மேட்டுக்குப் போனேன்.

இன்ஜினியர் மெஷின் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு சந்தோஷமாக நின்றார். துரையும் இருந்தார்.

"சிஸ்டம் நூத்துக்கு நூறு வேல செஞ்சிருக்கு சேர்" என்று துரையிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "அடியிலருந்து வேகமா ஒண்ணு மேல வந்திருக்கு. மெஷினே நின்னு, வாய அடைச்சு, கெட்டிச் சேத்த எறக்கி அடக்கிருச்சு. ஒரு சொட்டு வெளிய வரல."

"என்னாங்கய்யா வந்துச்சு?" என்று கேட்டேன்.

தொட்டிக்குள் குனிந்து பார்த்தார். கையை விட்டு அலசினார். நிமிரும்போது முகத்தில் பழைய சந்தோஷம் இல்லை.

"தண்ணி" என்றார்.

துரை தொப்பியைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது.

"எங்களத்தான் கோட்டுக்கு வெளிய வச்சீங்க. சரி. தண்ணியவாச்சும் உள்ள வச்சிருக்கக் கூடாதாங்கய்யா?"

அவர் பதில் சொல்லவில்லை. அட்டைக்குக்கூடப் பதில் சொன்னவர்.

இருட்டுகிற நேரம் தங்கச்சி என் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்தாள். உள்ளேயிருந்து ஒரு உதை. இன்னொன்று. அப்புறம்தான் நான் அவளை வாயாரத் திட்டினேன்.

இன்ஜினியர் மிதவையின் வயரை வெட்டினார். மெஷின் அடைத்த சேற்றைக் கவ்வாத்துக்குப் போன ஆட்களையே திரும்பக் கூப்பிட்டு, கயிறு கட்டி வாளி வாளியாக இறைத்து எடுத்தார்கள். தோண்டிய நாளைவிட இறைத்த நாள் அதிகம். தண்ணீர் கலங்கலாக வந்து, பிறகு தெளிந்தது. கைப்பம்பு மாட்டினார்கள். அதைத் திறந்து வைத்த கூட்டத்தில், தானியங்கி முறை வெற்றி பெற்றது என்று துரை பேசினார். நாங்கள் மறுபடியும் கைதட்டினோம், இந்த முறை பம்பைப் பார்த்து. கொட்டகைச் சுவரில் இருந்த பெட்டிகளை யாரோ கரித்துணியால் துடைத்துவிட்டார்கள். புள்ளிக் கோடு மட்டும் நெடுநாள் போகவில்லை.

இன்றைக்கும் இஸ்டோர் சங்கு ஊதினால் தங்கச்சி நடந்துகொண்டிருக்கும் இடத்திலேயே நின்று, வயிற்றில் கை வைத்துக்கொள்கிறாள். அவள் மகளும் பக்கத்தில் நின்று, சங்கு ஓயும்வரை காத்திருப்பாள். அவள் இப்போது எங்கள் இரண்டு பேரையும்விட உயரம்.