மைக் செட் ஞானராஜ் அண்ணாச்சிக்கு ஓட்டுப் போடாத ஊர்

ராஜபாளையத்தில் இரவு ஷிப்ட் முடிந்து மில் வாசல் டீக்கடைக்கு வந்தபோது செய்தி காதில் விழுந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் மைக் செட் ஞானராஜ் அண்ணாச்சி விடிகாலையில் நெஞ்சுவலி கண்டு காலமாகிவிட்டார். சொன்னவர் ஒரு பெரிய கட்சியின் வட்டச் செயலாளர். "தங்கமான மனுசன், நம்ம ஆளுல்லா" என்று வருத்தப்பட்டார். நான் டீயைக் கீழே ஊற்றிவிட்டு பஸ் ஏறினேன். இன்னும் செத்த நேரம் நின்றிருந்தால் கைகலப்பாகியிருக்கும்.

இரங்கல் கட்டுரையில் யாரையும் ஏசக் கூடாது என்பார்கள். எனக்கு அந்த நாகரிகம் வராது. அண்ணாச்சியை உயிரோடு இருக்கும்போது ஏசியவர்கள் எல்லாம் இப்போது மாலையோடு வரிசையில் நிற்கையில், நான் மட்டும் ஏன் வாயைக் கட்டிக்கொள்ள வேண்டும்?

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கோயில் கொடை, மாதா திருவிழா, சடங்கு வீடு, கட்சிக் கூட்டம் எதுவானாலும் அந்த வட்டாரத்தில் மைக்கும் ஹார்ன் ஸ்பீக்கரும் கட்டுகிறவர் அண்ணாச்சிதான். அவர் கடையில் ஒரு வழக்கம் உண்டு. யார் முதலில் வந்து கேட்கிறார்களோ, அவர்கள் பெயரை ஹார்னின் முதுகில் சாக்பீஸால் எழுதிவிடுவார். எழுதியபின் கலெக்டரே வந்தாலும் பெயர் அழியாது. சாவு வீட்டைத் தாண்டும்போது செட்டை நிறுத்த வேண்டும் என்பது இன்னொரு வழக்கம். நிறுத்தாத ஆபரேட்டருக்கு மறுநாள் வேலை கிடையாது.

எண்பத்தாறு நகராட்சித் தேர்தலில் இரண்டு பெரிய கட்சிகளுக்கும் அவர்தான் மைக் கட்டினார். அவர் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் போடுவதாக இருவருமே முழங்கினார்கள். ஜெயித்தவர் போட்ட குழாய், வசதியானவர்கள் வீடுகளோடு நின்றுவிட்டது. தெருவின் கடைசியில் இருந்த பெண்கள் குடத்தோடு அடுத்த தெருக் கிணற்றுக்கு நடந்தார்கள். அண்ணாச்சியின் மனைவி கிரேஸ் மதினியும் அவர்களில் ஒருவர். அடுத்து வந்த ஒவ்வொரு தேர்தலிலும் அதே குழாய் வாக்குறுதியை அதே வாக்கியத்தில் தம் ஹார்னிலேயே மறுபடியும் கேட்டுக்கொண்டிருந்தார் அண்ணாச்சி. ஒருநாள் ஒயரைச் சுருட்டியபடி என்னிடம் சொன்னார்: "எம் மைக்குல எம்புட்டுத் தண்ணி விட்டுட்டானுவலே. ஒரு குடம் நெறையல."

தொண்ணூற்றாறில் உள்ளாட்சித் தேர்தல் அறிவித்தார்கள். எங்களுடையது சின்னக் கட்சி. கொடி பிடிக்க ஆள் இருந்தது, வார்டில் நிற்க ஆள் இல்லை. அண்ணாச்சியிடம் கேட்டபோது ஒருநாள் யோசித்துவிட்டு, நிற்கிறேன் என்றார். எதற்கென்று கேட்டேன். அந்தக் குழாய் தெருவின் கடைசி வரை போக வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்றார். எங்களுக்கு மேசை விளக்குச் சின்னம் கிடைத்தது. கரண்டே தங்காத தெருவுக்கு விளக்காம் என்று ஊர் சிரித்தது.

வேடிக்கை என்னவென்றால், அவர் சம்மதிப்பதற்கு முன்பே இரண்டு பெரிய கட்சிக்காரர்களும் கடைக்கு வந்து, இருந்த ஹார்ன் அத்தனையிலும் தங்கள் பெயரை எழுதவைத்துவிட்டுப் போயிருந்தார்கள். வேட்பாளருக்கென்று ஒரு ஹார்ன்கூட மிச்சமில்லை. ஒன்றிரண்டு பெயரை அழிக்கச் சொல்லி நான் சண்டையே போட்டேன். அவர் மசியவில்லை. வெளியூரில் வாடகைக்குக் கேட்டுப் போனோம். தேர்தல் நேரத்தில் எவன் தருவான்?

அப்புறம் நடந்ததை என்னவென்று சொல்ல. அண்ணாச்சியின் ஹார்ன்களே தெருத்தெருவாக அண்ணாச்சியை ஏசின. மைக் வாடகைக்கு விடுகிறவனுக்கு மைக் பிடிக்க ஆசை வந்துவிட்டது என்றார்கள். ஓட்டைப் பிரிக்க எதிராளி கொடுத்த காசில் நிற்கிறான் என்று இரண்டு தரப்புமே சொன்னார்கள். சொந்தச் சித்தப்பா மகன் வாசலில் பெரிய கட்சிக் கொடி பறந்தது. கோவில் பிள்ளைகள் என்று சொல்லிக்கொண்ட எங்கள் சர்ச் சபைக்காரர்கள், அண்ணாச்சி நோட்டீசோடு வருவதைப் பார்த்து ஜன்னலைச் சாத்தினார்கள்.

பிரச்சாரத்தின் கடைசி மாலை. தெருமுனையில் ஒரு பெஞ்சின் மேல் ஏறி, வெறும் தொண்டையில் பேச ஆரம்பித்தார். உடனே அந்தப் பக்கம் ஒரு ஆட்டோ, இந்தப் பக்கம் ஒரு ஆட்டோ வந்து நின்று ஹார்னை முழுசாகத் திறந்துவிட்டார்கள். மேடையில் ஜென்மப் பகையாளிகள், அன்றைக்கு மட்டும் அப்படியொரு ஒற்றுமை. செட்டில் உட்கார்ந்திருந்த ஆபரேட்டர்கள் இருவருமே அண்ணாச்சியின் ஆட்கள். அவர்கள் அவர் முகத்தையே பார்த்தார்கள். ஒரு கண்ஜாடை போதும், ஒயரைப் பிடுங்கியிருப்பார்கள். ஒயரைப் பிடுங்கச் சொல்லுங்கள் என்று நான் அவர் காதருகே போய்க் கத்தினேன்.

"எழுதியாச்சுலே. இனி அதுல அவிய வாய்தான் பேசும்" என்றார்.

சொல்லிவிட்டு, யாருக்கும் கேட்காத பேச்சைக் கடைசி வரை பேசி முடித்துத்தான் பெஞ்சிலிருந்து இறங்கினார். எனக்குக் கோபத்தில் அழுகை வந்துவிட்டது. இன்றைக்கும் வருகிறது.

டெபாசிட் போயிற்று. ஜெயித்தவர்கள் அவர் வாசலில் வெடி போட்டார்கள். மறுநாள் அண்ணாச்சி இரண்டு கட்சி அலுவலகத்துக்கும் போய்த் தம் ஹார்ன்களைத் தாமே இறக்கிக்கொண்டு வந்தார். அதோடு கோயில் கமிட்டி வேறு ஆளைப் பிடித்துக்கொண்டது. கல்யாண வீட்டார் தெருவை மாற்றி நடந்தார்கள். மம்சாபுரம், கூமாப்பட்டி என்று சைக்கிளில் ஹார்னைக் கட்டிக்கொண்டு போய்ப் பிழைத்தார். ஊரைப் பற்றி ஒரு சொல் குறையாகச் சொன்னதில்லை. அந்தக் குறையைத்தான் நான் தீர்த்துக்கொண்டிருக்கிறேன்.

நான் போய்ச் சேர்வதற்குள் தெருவெல்லாம் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். இரண்டு கட்சியும் தனித்தனியாக 'எங்கள் அன்புச் சகோதரர்' என்று போட்டிருந்தன. இப்போது நாடாளுமன்றத் தேர்தல் நேரம் அல்லவா, சாவு வீட்டிலும் ஓட்டு இருக்கிறது. பிரச்சார ஆட்டோ ஒன்று பாட்டை நிறுத்தாமலேயே வாசலைத் தாண்டியது. சவப்பெட்டியை எடுக்கும் நேரத்தில் இரண்டு கட்சிப் பிரமுகர்களும் மதினியிடம் வந்து, கடையிலிருந்து ஒரு மைக் கட்டினால் ஆளுக்கு இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகிறோம் என்றார்கள்.

மதினி அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். "அவிய பேசும்போது நீங்க கேக்கல. இப்ப நீங்க பேசுறத அவிய கேக்க வேண்டாம். போங்க."

மைக் இல்லாமலே அண்ணாச்சியை அடக்கம் செய்தோம். குடத்தோடு நடந்த பெண்கள் கல்லறை வரை வந்தார்கள்.

திரும்பி வந்ததும் மதினியிடம் சொன்னேன், அடுத்த நகராட்சித் தேர்தலில் அதே வார்டில் நான் நிற்கப் போகிறேன், ஹார்ன் வேண்டுமென்று. இந்த நேரத்தில் கேட்கிறோமே என்று கூச்சமாகத்தான் இருந்தது. மதினி போய்க் கடையைத் திறந்தார்கள். சாக்பீஸை எடுத்து, ஒன்றுவிடாமல் எல்லா ஹார்னின் முதுகிலும் என் பெயரை எழுதினார்கள்.

"இந்தத் தடவ மொதல்ல கேட்டது நீங்கதான் தம்பி" என்றார்கள்.

போய் வாருங்கள் அண்ணாச்சி. இனி அதில் நம் வாய் பேசும்.