பக்கம் நாற்பத்தொன்றில் துறவியானவர்

ராயப்பன்பட்டி ட்ரம்பெட் சேவியர் வாத்தியத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சாமியாராகிவிட்டார். சுருளி மலையில் ஒரு குகைக்குள் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு விபூதி கொடுக்கிறார்.

இந்தச் செய்தி எனக்கு முதலில் கம்பம் பஸ்ஸில் கிடைத்தது. அடுத்து உத்தமபாளையத்தில் முடிவெட்டும் கடையில். மூன்றாவதாக ஒரு கல்யாணப் பந்தியில், ரசத்துக்கும் மோருக்கும் நடுவில். மூன்று பேரும் ஒரே வரிசையில், கிட்டத்தட்ட ஒரே சொற்களில் சொன்னார்கள். எனக்குச் சந்தேகம் வந்தது அங்கேதான். ஊர்ப்பேச்சு அப்படி இருக்காது. ஒருவர் வாயில் குகையாக இருப்பது அடுத்தவர் வாயில் கொட்டகையாக மாறியிருக்கும். எல்லோரும் மனப்பாடமாக ஒப்பித்தால், எங்கோ அச்சடித்து வைத்திருக்கிறார்கள் என்றுதான் பொருள்.

சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் ராக்கையா அந்தக் குகையையே பார்த்தவர் என்றார்கள். போனேன்.

"ஆமா, பாத்தாச்சு. தாடி இம்புட்டு நீளம்" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

"நீங்களே பாத்தீகளா?"

"நான் எங்க பாத்தேன்? எங்க மச்சினன் பாத்தான்."

"அவரு எங்கன பாத்தாராம்?"

"புஸ்தகத்துல." கொடி வெட்டும் கத்தரியை நிறுத்தாமலே சொன்னார். "நாப்பத்தொண்ணாம் பக்கம். அச்சுலயே வந்திருக்குங்கிறேன், நேர்ல பாத்தியா நேர்ல பாத்தியான்னு கேக்கீகளே, படிச்ச ஆளுதான நீங்க?"

மறுநாள் ராயப்பன்பட்டி போனேன். குகையில் இருக்க வேண்டியவர் வீட்டு வாசலில் மொபெட்டுக்குச் செயின் மாட்டிக்கொண்டிருந்தார். ஆனால் மூன்று வாரத் தாடி இருந்தது. அதையும் குறித்துக்கொண்டேன்.

சேவியருக்கு ஐம்பத்திரண்டு வயது. கொஞ்சம் வாழை, கொஞ்சம் தென்னை, பன்னிரண்டு பேர் கொண்ட பேண்டு செட். கோயில் திருவிழா, கல்யாண ஊர்வலம் என்று இருபத்தாறு வருடமாக ஊதுகிறார். விஷயத்தைச் சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் ஒரு புத்தகத்தை எடுத்து வந்தார். 'ஊதுகுழலும் உடைந்த நெஞ்சும்: ட்ரம்பெட் சேவியரின் உண்மை வரலாறு.' உண்மை என்ற சொல் மட்டும் சிவப்பில் இருந்தது.

"எழுதுன ஆளு என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல சார். என் கதைய நானே கடையில வாங்கித்தான் தெரிஞ்சுக்கிட்டேன்."

புரட்டினேன். ஒன்பதாம் பக்கத்தில், கூரையில்லாத குடிசையில் இடி மின்னலோடு பிறக்கிறார். (கம்பத்தில் ஆஸ்பத்திரியில் பிறந்தவர், சித்திரை மாதம், நல்ல வெயில்.) பதினான்காம் பக்கத்தில், 'அவர் ஊதிய ஊதலில் மலையே எழுந்து ஊதியது.' முப்பதாம் பக்கத்தில் சேவியர் திடீரென்று மதன்குமார் ஆகி, கீபோர்டு வாசித்து, போடியில் ஒரு காதலில் தோற்று, முப்பத்திரண்டில் மறுபடி சேவியராகிறார். மதன்குமார் இதே ஆசிரியரின் முந்தைய புத்தகம். கம்ப்யூட்டரில் பேர் மாற்றும்போது அந்த இரண்டு பக்கத்தை விட்டுவிட்டார்.

இருபத்திரண்டாம் பக்கம் மட்டும் மூலை மடிக்கப்பட்டிருந்தது. குமுளியில் ஒரு நர்ஸ், சேவியரின் வாசிப்பைக் கேட்டு, வேலையை விட்டுவிட்டுப் பின்னாலேயே வந்த கதை.

"இதுவும் பொய்தானா?"

"எல்லாமே பொய்தான் சார்."

"பின்ன எதுக்கு அந்தப் பக்கத்த மட்டும் மடிச்சு வச்சிருக்கீக?" என்று உள்ளே இருந்து அவர் மனைவி ஜெயமேரி கேட்டார். சேவியர் செயினைப் பார்க்கக் குனிந்துகொண்டார்.

துறவு வந்த கதையை ஜெயமேரிதான் சொன்னார். போன வருடம் சாம்பல் புதன்கிழமை. ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் அன்றைக்குத்தான் தொடங்குகிறது. காலையில் கோயிலில் நெற்றியில் சாம்பல் பூசி அனுப்புவார்கள். மகள் மெர்லின் பிழைத்துப் பிறந்ததற்காகச் சேவியர் நேர்ந்துகொண்ட ஒன்று உண்டு: அன்றிலிருந்து ஈஸ்டர் வரை ட்ரம்பெட்டைத் துணியில் சுற்றிப் பெட்டியில் பூட்டிவிடுவார். சவரம் இல்லை, கறி இல்லை, ஒரு வேளைக் கஞ்சி. அந்தப் புதன்கிழமை பார்த்து ஒரு மனிதர் வந்து தண்ணீர் கேட்டிருக்கிறார்.

"அண்ணன் வாசிக்கலையான்னு வந்தவுக கேட்டாக. இப்பத் தொடுறதே இல்லன்னேன். சாப்பாடுன்னாக. ஒரு வேளைதான்னேன். இவுக நெத்தியவே பாத்துக்கிட்டு இருந்தாக. கெளம்பையில, அண்ணனோட ஒரு போட்டோ குடுங்கக்கா, நாளைக்கே திருப்பித் தர்றேன்னாக. எங்க கல்யாணப் போட்டோ, சார். எங்க கல்யாணத்துல இவுகளே வாசிச்சாக. நான் பக்கத்துல நிக்கிறேன். அது ஒண்ணுதான் இருக்கு, வேற காப்பி இல்ல."

புத்தக அட்டையைப் பார்த்தேன். கோட்டுப் போட்ட இளம் சேவியர் ஊதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் யாரும் இல்லை. கத்தரியின் வேலை.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயமாகத்தான் இருந்திருக்கும், மலை மேலே இருந்து அந்த போன் வராமல் இருந்திருந்தால். எல்லைக்கு அந்தப் பக்கம் ஏலக்காய் எஸ்டேட்டில் ஒரு கோயில். ஈஸ்டர் முடிந்த இரண்டாம் ஞாயிறு திருவிழா. பதினெட்டு வருடமாகச் சேவியர் செட்தான். அங்கே வாசித்தால்தான் மலையில் இருக்கிற மற்ற கோயில்களும் கூப்பிடும். மே கடைசி வரை பன்னிரண்டு பேருக்கும் வேலை. அங்கே இல்லையென்றால் எங்கேயும் இல்லை. அந்தத் திருவிழாக் கமிட்டிச் செயலாளர் கைக்கும் புத்தகம் போயிருந்தது.

"சேவியரே, நிங்கள் சன்யாசியாயிட்டுன்னு இங்க பறையுது. போன்ல ஒரு வரி வாசிச்சுக் கேள்பிக்கணும். ஞாயிறுக்குள்ள. இல்லெங்கில் நாங்க வேற செட்டு பாத்துக்கும்" என்றாராம்.

ஈஸ்டருக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

"விடலங்கிறதுக்கு ஒரே சாட்சி ஊதிக் காட்டுறதுதான்" என்றார் சேவியர். "ஊதுனா நேர்ச்சை போச்சு. ஊதலைன்னா செட்டு போச்சு. பழைய வீடியோ அனுப்புனேன், அது விடுறதுக்கு முந்தி எடுத்ததுங்கிறாரு. ஏலே, நான் விடவே இல்லலேன்னு கத்துறேன், சாமியாருக்குக் கோவம் வரலாமான்னு கேக்காரு."

ஞாயிற்றுக்கு நான்கு நாள் இருந்தது. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்த விலாசத்தைத் தேடி உத்தமபாளையம் போனேன்.

புத்தகத்தை எழுதிய வைகுண்டராஜின் வரலாற்றை அவரிடம் அனுமதி கேட்காமல்தான் இங்கே எழுதுகிறேன். அவருடைய முறை அது, மரியாதைக்காகக் கடைப்பிடிக்கிறேன். சொந்த ஊர் பொட்டிப்புரம். வயது நாற்பத்தாறு. முதலில் போடியில் ஒரு மெல்லிசைக் குழுவில் மைக் பிடித்து அடுத்த பாடலை அறிவிப்பவராக இருந்தார். பாடலைவிட அறிவிப்பு நீளமாகப் போகிறது என்று மூன்றே வருடத்தில் இறக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு பஸ் ஸ்டாண்டு அருகே ஜெராக்ஸ், பத்திரிகை அடிக்கும் கடை. கல்யாண அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி, இரண்டுக்கும் நடுவில் மீதம் இருக்கும் நேரத்தில் இசைக்கலைஞர்களின் வாழ்க்கை வரலாறு. இதுவரை ஏழு. ஏழும் அறுபத்துநான்கு பக்கம். ஒரு தாளை மடித்தால் பதினாறு பக்கம் வருகிறது, அப்படி நாலு தாள். யாருடைய வாழ்க்கையும் அதற்கு மேலே போகக் கூடாது, குறையவும் கூடாது. ஏழு பேரும் மழையில் பிறந்து, ஒரு மலையாளப் பெண்ணால் நேசிக்கப்பட்டு, நாற்பதாம் பக்கத்தில் வீழ்ந்தார்கள்.

"எதுக்கு எல்லாரையும் நாப்பதுல கவுக்கீக?" என்றேன்.

"பின்ன? விழுகலைன்னா யாரு வாங்குவா? நல்லா இருக்கவன் கதைய அவன் பொண்டாட்டியே படிக்க மாட்டா சார்."

"சேவியரக் கேட்டிருக்கலாமே."

"ஆளைக் கேட்டா மறுப்பாக. எழுதுறவனுக்கு அதுதான் மொதத் தடங்கல்."

"அது தவக்காலம். சாம்பல் புதன். தெரியாதா?"

"நான் சாமி கும்பிடுற குடும்பத்து ஆளு, எனக்கென்ன தெரியும்?" என்று கையை விரித்தார். விரித்த கைக்குப் பின்னால் சுவரில் ஒரு குரூப் போட்டோ மாட்டியிருந்தது. பத்தாம் வகுப்பு, ராயப்பன்பட்டி. இரண்டாம் வரிசையில் அதே மூக்கு. பிறகு விசாரித்ததில், ஐந்து வருடம் அங்கே ஹாஸ்டலில் இருந்தவர். ஐந்து சாம்பல் புதன். பாதி வகுப்பு நெற்றியில் சாம்பலோடு உட்கார்ந்திருக்கும்.

நான் படத்தைப் பார்ப்பதை அவர் பார்த்தார்.

"நான் கடைசி பெஞ்சு சார். முன்னாடி இருக்கவன் முதுகுதான் தெரியும்."

தெரியாமல் எழுதினாரா, தெரிந்தே எழுதினாரா? இன்று வரை எனக்குத் தீரவில்லை. பன்னிரண்டு பேர் வேலையைச் சொன்னதும் முகம் கொஞ்சம் மாறியது மட்டும் நிஜம். மறுப்பு ஒன்று எழுதித் தரச் சொன்னேன்.

"மறுப்பு எழுதுனா நான் பொய் சொன்னேன்னு ஆயிரும். அது எழுத்துக்கு அசிங்கம். வேற ஒண்ணு செய்றேன், இருங்க."

அரை மணி நேரம் தட்டினார். அச்சாகி வந்த தாளில் இப்படி இருந்தது: 'மனைவி ஜெயமேரியின் கண்ணீர் சுருளி அருவியையும் மிஞ்சவே, சேவியர் குகையை விட்டு இறங்கினார். ஈஸ்டர் அன்று அவர் குழல் மீண்டும் முழங்கும். இது உறுதி.' நான் வாயைத் திறப்பதற்குள் அதைப் படம் பிடித்து, மலையில் தன் புத்தகத்தை வாங்கியிருந்த செயலாளருக்கு அனுப்பிவிட்டார்.

சனிக்கிழமை செயலாளர் சேவியரைக் கூப்பிட்டார். ஒரு வரியும் கேட்கவில்லை. பேண்டு செட் உறுதி. ஒரே வேண்டுகோள்: தாடியை எடுக்காமல் வர வேண்டும்.

"போகவே இல்ல, எப்படி நான் திரும்பி வர்றது?" என்று சேவியர் மலையேற மாட்டேனென இரண்டு நாள் அடம்பிடித்தார். பொய்யால் போனது பொய்யால் வருவது அவருக்குக் கசந்தது. பன்னிரண்டு பேரும் வந்து வாசலில் நின்றார்கள். கடைசியில் ஜெயமேரிதான் முடித்து வைத்தார்.

"அழாத என்னையவே ஊரெல்லாம் அழ வச்சிட்டாக. நானே சும்மா இருக்கேன், உங்களுக்கென்ன? போயி ஊதிட்டு வாங்க. ஆனா தாடிய எடுத்துட்டுப் போங்க."

ஈஸ்டர் காலை பெட்டி திறந்தது. இரண்டாம் ஞாயிறு சேவியர் வழுவழுவென்று சவரம் செய்துகொண்டு மலையேறினார். தேர் புறப்படுவதற்கு முன்னால் மைக்கில், குகையிலிருந்து மீண்டவர் என்று அறிவித்தார்கள். அவர் மைக்கை வாங்கி, "நான் எந்தக் குகைக்கும் போகல" என்றார். கூட்டம் அவருடைய அடக்கத்தை மெச்சிக் கை தட்டியது. அவர் மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஊதினார். மே கடைசி வரை தேதி நிறைந்துவிட்டது.

போன வாரம் வைகுண்டராஜ் கடைக்குப் போனேன், ஜெயமேரிக்காக.

"அந்தக் கல்யாணப் போட்டோ?"

"நாளைக்குக் குடுத்துருவேன் சார். அக்காகிட்டயும் சொல்லியிருக்கேன்."

ஒரு வருடத்துக்கு மேலாக அந்த நாளை வரவில்லை. ஜெயமேரியின் ஆல்பத்தில் முதல் பக்கத்தில் நான்கு மூலை ஒட்டிகள் மட்டும் வெறும் தாளைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

பேச்சை மாற்ற எட்டாவது புத்தகத்தின் அட்டையைக் காட்டினார். கிளாரினெட் முத்துராஜா.

"அவருக்குத் தெரியுமா?"

"வந்தாத் தெரிஞ்சுக்குவாரு."

தலை முத்துராஜாவுடையது. கழுத்துக்குக் கீழே சேவியர் அட்டையில் பார்த்த அதே கோட்டு, சட்டையில் குத்திய பூ, எனக்குப் பழக்கமான தோள். இந்த முறை கத்தரி கொஞ்சம் தள்ளிப் போயிருக்கிறது. கோட்டுக் கையின் மேலே மருதாணி போட்ட நான்கு விரல்கள் அப்படியே இருக்கின்றன.