அவர் கூட்டி வந்த சாட்சி

1. துப்பாக்கி இல்லாத செக்‌ஷன்

கலெக்டரேட்டில் ஆயுத லைசென்ஸ் செக்‌ஷனுக்கு மாற்றலான முதல் நாள், பீரோவுக்குள் எங்காவது துப்பாக்கி இருக்குமோ என்று பயந்துகொண்டே உட்கார்ந்தேன். ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டில் அரிவாள்மணையைத் தவிர வேறு ஆயுதம் கண்டவள் இல்லை நான். பீரோ நிறைய ஃபைல்கள்தான் இருந்தன. ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன், ஒரு துப்பாக்கியைக்கூடத் தொடவில்லை.

துப்பாக்கி கேட்பவர் எப்பேர்ப்பட்டவர் என்று பார்ப்பது எங்கள் வேலை. போலீஸ் ரிப்போர்ட், டாக்டர் சர்டிபிகேட், அப்புறம் ஊர்க்காரர் இரண்டு பேர் எங்கள் முன்னால் வந்து சொல்லும் சாட்சி. அந்த இரண்டு பேரையும் விண்ணப்பதாரரே கூட்டி வரலாம். விடுவாரா? மச்சினனும் சிநேகிதனும் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து, “தங்கமான மனுஷன்” என்பார்கள். நானும் எழுதிக்கொள்வேன். பெரிய பின்னணி விசாரணை!

2. கருத்து இல்லை

என் கடைசி வருஷத்தில், துப்பாக்கி வாங்குபவர்களின் பின்னணியை இன்னும் கடுமையாக விசாரிக்க ஒரு சட்டத் திருத்த வரைவு வந்தது. எங்கள் கருத்தைக் கேட்டிருந்தார்கள். சூப்பரண்டு தாமோதரன் சார் அதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

“மேடம், ‘நோ ரிமார்க்ஸ்’னு எழுதி விட்டா மதி. நம்மட கருத்து ஆருக்கு வேணும்?”

போதும் என்று அவர் சொன்னால் எனக்கும் போதும். அப்படியே எழுதி வைத்தேன். கையெழுத்து மட்டும் பாக்கி.

3. இரண்டாவது சாட்சி

மறுநாள் காலை ஞானமணி வந்தார். விதுரைப் பக்கம் மலையடிவாரத்தில் மரச்சீனிக் கிழங்கு பயிரிடுபவர். காட்டுப்பன்றி தோண்டித் தின்று இரண்டு போகம் போய்விட்டது. இந்த முறையும் போனால் நிலத்தை விட்டுவிட்டு, வயசான காலத்தில் கூலி வேலைக்குத்தான் போக வேண்டும். போலீஸ் ரிப்போர்ட்டில் ஒரு குறையும் இல்லை. சாட்சி முடிந்தால் ஃபைல் மேலே போய்விடும்.

முதல் சாட்சி வழக்கம்போல் ‘தங்கமான மனுஷன்’ சொல்லிவிட்டு நகர்ந்தார். இரண்டாவது ஆள் பக்கத்து நிலத்துக்காரர் செல்லையா. அவர் சட்டைக் கையைச் சுருட்டினார். தோளிலிருந்து முழங்கை வரை தழும்பு.

“இது இவருக்க வெட்டுகத்தி பட்ட எடம் மேடம். ஒரு பிலாமரத் தகராறு. நான் கேஸு குடுக்கல்ல. அதான் போலீஸு பேப்பர்ல காணாது.”

பழி வாங்க வந்திருக்கிறார் என்றே நினைத்தேன். ஞானமணியைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்தபடி சொன்னார்:

“நாந்தான் மேடம் இவர விளிச்சிட்டு வந்தேன். எனக்க கோவத்த அறிஞ்சவரு இவருதான். மத்தவனெல்லாம் நல்லதுதானே சொல்லுவான்?”

எத்தனையோ பேரை விசாரித்திருக்கிறேன், தன்னை விசாரிக்கத் தானே ஆள் கொண்டு வந்த ஒருவரை அன்றுதான் பார்த்தேன்.

“இவருக்குத் துப்பாக்கி கொடுக்கலாமா?” என்று செல்லையாவைக் கேட்டேன்.

அவர் சுருட்டிய சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். “பாவம், பன்னி இவருக்க வெளயெல்லாம் நாசமாக்கிப் போட்டு. இப்போ நல்ல மாதிரிதான் இருக்காரு. ஆனாலும் கோவம் வந்தா கண்ணு தெரியாது மேடம். அன்னைக்கு வெட்டுகத்தி ஆனதுனால நான் உசிரோட இருக்கேன். தோக்கு வேண்டாம்.”

ஞானமணியின் கண் நிறைந்துவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அப்போ வேண்டாம். நான் பின்வாங்கினதா எழுதுங்க” என்றார். எழுதினேன். அவர் கையெழுத்து நேராகவே விழுந்தது. இருவரும் சேர்ந்தே தம்பானூர் பஸ்ஸுக்குப் போனார்கள்.

நான் ‘நோ ரிமார்க்ஸ்’ தாளைக் கிழித்துப் போட்டேன். ‘விண்ணப்பதாரரால் பாதிக்கப்பட்ட ஒருவரையாவது கட்டாயம் விசாரிக்க வேண்டும்’ என்று எழுதி சாரிடம் நீட்டினேன். இத்தனை வருஷ வேலையில் நான் கற்ற பாடம் அந்த ஒரு வரிதான்.

சார் சிரித்தார். “அடிபட்ட ஆளெ ஆரு மேடம் சாட்சிக்குக் கொண்டு வருவான்?”

“ஒருத்தர் கொண்டு வந்தார் சார். லைசென்ஸ் இல்லாம இப்போதான் திரும்பிப் போறார்.”