சத்தியம் பண்ண மறுத்த கப்பல்காரர்

ஆந்திரா தனி மாநிலமாகப் பிரிந்த புதிது. எங்கள் சித்தூர் அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா என்று ஊரே அடித்துக்கொண்டிருந்த நேரம். பக்கத்து வீட்டுக்காரர் தெலுங்கில் சாப்பிட்டாச்சா என்று கேட்டால்கூட, எதற்குக் கேட்கிறார் என்று யோசிப்போம். அப்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வீடு திரும்பினால், வாசலில் ஒரு தெலுங்கர் நிற்கிறார். கையில் துணிப்பை, நெற்றியில் குங்குமம். காணிப்பாக்கம் பிள்ளையாரைப் பார்க்க வந்தாராம். என் வீட்டுக்காரர் பெயரைச் சொல்லி, யுத்தத்தில் அவரோடு ஒரே கப்பலில் இருந்தேன் என்றார்.

என் வீட்டுக்காரர் கல்யாணமான கொஞ்ச நாளிலேயே கப்பற்படையில் சேர்ந்தவர். வெள்ளைக்காரனின் டிஸ்ட்ராயர் என்ற போர்க்கப்பல் ஒன்றில் சமையல் பகுதியில் வேலை. காணவில்லை என்று ஒரு தந்தி வந்தது, அவ்வளவுதான். யுத்தம் முடிந்து வருஷங்கள் ஓடியும் வேறு தகவல் இல்லை. ஜப்பான்காரன் பிடித்து வைத்திருக்கிறான், என் பிள்ளை வந்துவிடுவான் என்பார் மாமியார். என் அம்மா வீட்டிலோ, நீ கிளம்பி வா, வேறு இடம் பார்க்கிறோம் என்பார்கள். எப்படிப் போவது? நாளைக்கே அவர் வந்து நின்றுவிட்டால்? நான் பெண்டாட்டியா, விதவையா என்று எனக்கே தெரியாத பிழைப்பு அது.

அதுவுமில்லாமல் ஏற்கெனவே ஒருத்தனிடம் ஏமாந்திருந்தோம். நம்ம ஆள்தான், தேன் ஒழுகத் தமிழ் பேசினான். ரங்கூனில் உங்கள் பிள்ளையைப் பார்த்தேன் என்று பைபிளில் அடித்துச் சத்தியம் பண்ணினான். உன்னையே நினைத்துக்கொண்டிருக்கிறார் தங்கச்சி என்று எனக்கொரு சேதி வேறு! வாரக்கணக்கில் உட்கார்ந்து தின்றுவிட்டு, அவருடைய கம்பளிக் கோட்டையும் மாட்டிக்கொண்டு போனவன் போனவன்தான். அப்புறம் எவனை நம்புவது?

அதனால் இவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. என் கொழுந்தனார் என்னை உள்ளே இழுத்து, "அண்ணி, வாயக் குடுக்காதீங்க. எந்த வூட்ல என்ன பாஷை பேசறாங்கன்னு எழுதிக்கினு போக வந்தவனா இருப்பான்" என்றார். இத்தனை வருஷம் இல்லாத அக்கறை இந்தத் தெலுங்கருக்கு இப்போது எங்கிருந்து வந்தது என்பதுதான் என் சந்தேகம். நான் கதவுக்குப் பின்னால் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேட்டதற்கெல்லாம் நிதானமாகத் தெலுங்கில் பதில் சொன்னார். இவருக்கு பாய்லர் பக்கம் வேலையாம். டிஸ்ட்ராயர் என்பது ஒல்லியான கப்பல், சரக்குக் கப்பல்களுக்குக் காவலாகக் கூடவே ஓடும், கீழே நீர்மூழ்கி இருக்கிறது என்று தெரிந்தால் வெடிமருந்துப் பீப்பாய்களைக் கடலில் தள்ளிவிடும் என்றெல்லாம் சொன்னார். இதைத்தான் எவன் வேண்டுமானாலும் பேப்பரில் படித்துச் சொல்லலாமே என்று நினைத்துக்கொண்டேன்.

"எம்புள்ள அங்க எப்படி இருந்தான்?" என்றார் மாமியார். பெரிய வீரன் என்று சொல்லப்போகிறான் பார் என்று காத்திருந்தேன். அந்த மனுஷர் தலையைச் சொறிந்தார். பாவம்மா, ஒரு நாளும் அவனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை, கப்பல் ஆடுகிற ஆட்டத்தில் எப்போது பார்த்தாலும் வாளியும் கையுமாகத்தான் உட்கார்ந்திருப்பான், இவன் சமைத்து நாங்கள் தின்றதே அதிசயம் என்றார்.

மாமியாருக்கு வந்ததே கோபம்! எனக்கோ சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது. பலமனேர் மலைப்பாதையில் பஸ் ஏறினால் பங்காருபாளையம் தாண்டுவதற்குள் ஜன்னலில் தலையை நீட்டிவிடுகிற மனுஷர் அவர். புது மாப்பிள்ளை என்றுகூடப் பார்க்காமல் ஊரே சிரித்தது. இதை எந்தப் பேப்பரில் போட்டிருப்பான்?

கப்பல் முழுகிவிட்டது, அதற்கப்புறம் அவனைப் பார்க்கவில்லை என்று அந்தத் தெலுங்கர் சொன்ன பிறகும் கொழுந்தனார் விடவில்லை. நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள்தான். ஆனாலும் சித்தூரில் பிறந்தவர்களுக்கு, உண்மையா பொய்யா என்று வந்துவிட்டால் காணிப்பாக்கம்தான். பொய்ச் சத்தியம் பண்ண எவனும் அங்கே துணிய மாட்டான். "எங்க அண்ணன் செத்துட்டான்னு பிள்ளையார் முன்னாடி வந்து சத்தியம் பண்ணுய்யா, பாக்கலாம்" என்றார்.

மாட்டேன் என்று சொல்லிவிட்டார் அவர். மாட்டினான்டா என்று கொழுந்தனார் எழுந்தே விட்டார். வந்தவர் கையமர்த்தி, ஆகாய விமானம் குண்டு போட்டது, கப்பல் இரண்டாகி முழுகியது, அதற்குச் சத்தியம் பண்ணுகிறேன், ஜப்பான் கப்பல் எதுவும் கிட்டே வரவில்லை, யாரையும் பிடித்துப் போகவில்லை, அதற்கும் பண்ணுகிறேன் என்றார். பிழைத்தவர்களை எல்லாம் மறுநாள் ஒரே கப்பல்தான் தூக்கியதாம். அதில் இவர் ஒவ்வொரு முகமாகத் தேடினாராம், என் வீட்டுக்காரர் இல்லை. "ஆனா அவன் செத்ததை என் கண்ணு பாக்கலியே. பாக்காததுக்கு எப்படிம்மா சத்தியம் பண்ணுவேன்?"

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. ரங்கூன்காரன் பார்க்காததற்கு அடித்துச் சத்தியம் பண்ணினான். இவர் பார்த்த அளவோடு நிறுத்திக்கொண்டார். மாமியாருக்கும் விளங்கியிருக்க வேண்டும். "அவருக்குச் சோறு போடுடி" என்றார்.

இலை போடும்போது எனக்கு ஆற்றாமை தாங்கவில்லை. கடைசியாக எனக்கு ஏதாவது சொன்னாரா, ஒரு வார்த்தையாவது, என்று கேட்டேவிட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "தெலீதம்மா, எனக்குத் தெரியாது. கப்பல் உடைஞ்சப்ப நான் பின்னாடி இருந்தேன், அவன் முன்னாடி இருந்தான்" என்றார்.

அன்றைக்கு நான் வாய்விட்டு அழுதேன். அதுவரை அழ எனக்கு உரிமையே இருக்கவில்லை. பிறகு, மாமியாரே முன்னால் நிற்க, எனக்கு மறுகல்யாணம் நடந்தது, பிள்ளைகள் பிறந்தார்கள். 'உன் பெயரைச் சொல்லிக்கொண்டேதான் போனான்' என்று ஆறுதலுக்கு ஒரு பொய் சொல்லியிருந்தால், இவரும் ரங்கூன்காரனைப் போலத்தான் என்று எதையுமே நம்பாமல் நான் இன்னமும் அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன். அதைச் சொல்லாமல் விட்ட அந்த மனுஷர்தான் எனக்கு இந்த வாழ்க்கையைக் கொடுத்தார்.