காலாப்பட்டு பிரான்சு

அமுதவல்லிக்குப் பகலிலேயே கனவு வரும். முத்தியால்பேட்டையில் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தால், ஜெயில் இருக்கிற காலாப்பட்டு வருவதற்குள் யாராவது ஒருவருடைய வீட்டுக்குள் உலாவிக்கொண்டிருப்பாள். ஜெயிலில் இருக்கிறவர்களின் வீடுகள் அவை. வேலை அப்படி. பஞ்சாலை மூடிய பிறகு ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தவள், விடுதலையாகப் போகிறவருக்கும் அவர் குடும்பத்துக்கும் நடுவில் உட்கார்ந்து பேச வைக்கிறாள். புத்தி மட்டும் சொல்லமாட்டாள். "அதுக்கு ஊர்ல ஆயிரம் பேர் இருக்காங்க, நான் எதுக்கு?" என்பாள். எனக்கு அவளிடம் பிடித்ததே அதுதான்.

எழிலரசன் விஷயத்தில் மட்டும் அவளே கொஞ்சம் மயங்கிப் போனாள்.

தட்டாஞ்சாவடிப் பட்டறையில் நடந்த சண்டையில் எழிலரசன் இரும்புக் குழாயால் அடித்து, கூட வேலை செய்தவர் இறந்துபோனார். ஒன்பது வருடம் உள்ளே. அவன் போகும்போது மகள் இனியாவுக்கு மூன்று வயது. மனைவி சிவசங்கரி தவளக்குப்பத்தை விட்டு, தெரிந்தவர் யாருமில்லாத முத்தியால்பேட்டைக்குக் குடிவந்து, "அப்பா பிரான்சுக்குப் போயிருக்காரு" என்று சொல்லிவிட்டாள். வேறு ஊராக இருந்தால் இந்தப் பொய் ஒரு வாரம் தாங்கியிருக்காது. தெருவுக்கு ஒருவர் பிரான்சில் இருக்கிற புதுச்சேரியில் யார் சந்தேகப்படுவார்கள்? பக்கத்து வீட்டுக்காரர்கள் பாரீசில் எந்தப் பக்கம் என்றுதான் கேட்டார்கள்.

வாரம் ஒருமுறை ஜெயில் போனில் அவன் மகளுக்குப் பனியைப் பற்றிச் சொல்வான். அமுதவல்லியிடமும் சொல்வான். சத்தமே இல்லாமல் விழுமாம், ஆலையில் பஞ்சு பறக்கிற மாதிரி. இருபது வருடம் பஞ்சுக்குள் நின்றவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். வெள்ளைத் தெரு, மஞ்சள் விளக்கு, ரொட்டிக் கடை, கோட்டு போட்டு நடந்துபோகும் எழிலரசன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்துவிட்டு வருவார்கள். பொய் என்று தெரிந்தும் அந்த ஊர் அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

விடுதலைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது சிவசங்கரி, "பெட்டி வாங்கி வெச்சிருக்கேன்கா. சென்ட்டு, சாக்லேட்டு எல்லாம் போட்டு ஏர்போர்ட்ல இருந்து வர்ற மாதிரி வந்துரட்டும்" என்றாள்.

அமுதவல்லி அதை அப்படியே எழிலரசனிடம் சொன்னாள். அவன், "வீட்டுக்குப் போயும் நான் பிரான்சுலயே இருக்கணுமாக்கா?" என்றான்.

இதையும் அப்படியே கொண்டுபோய்ச் சொன்னாள். சிவசங்கரிக்குக் கோபம் வந்துவிட்டது. "பள்ளிக்கூடத்துல கொலைகாரன் பொண்ணுன்னு சொன்னா நீங்களா வந்து நிப்பீங்க? அவ மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா அவரு எங்க போவாரு?" நாலு நாள் கழித்து சிவசங்கரியே போன் செய்தாள். "அவரே சொல்லட்டும். என்னால முடியாது."

கைதிகளை மனு போட்டுப் பார்க்கிற அறையில் மேசைக்கு அந்தப் பக்கம் எழிலரசன், இந்தப் பக்கம் தாயும் மகளும். அவன் எதையும் மறைக்கவில்லை. "ஒரு ஆளு செத்துட்டாரும்மா. என் கையால." சிவசங்கரி தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இனியா சுவரைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள்.

"பஸ்ல அரை மணி நேரம்கூட ஆவல. இவ்ளோ கிட்டயா இருந்த?"

"ஆமாம்மா."

"தூரமா இருக்கன்னுதானே நான் வரச்சொல்லிக் கூப்புடாம இருந்தேன்? இங்கதான் இருக்கன்னு சொல்லியிருந்தா நானே வந்திருப்பேனே!" என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

கொலையைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது என்று மூன்று பேரும் வாரக்கணக்கில் யோசித்து வைத்திருந்தார்கள். இதை ஒருவரும் யோசிக்கவில்லை. எழிலரசன் மேசைமேல் கவிழ்ந்து விம்மினான். இனியா தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் அவன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"அடுத்த மாசம் எந்தத் தேதிப்பா வீட்டுக்கு வர்ற?" என்று கேட்டாள்.