ரேவதிக்கு மூன்று ராத்திரி

1. லென்ஸில் தூசி

கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது மகாலிங்கம் ஸ்டுடியோவுக்கு வந்தார். திருவாதவூரில் உரக்கடை வைத்திருப்பவர். அவர் வீட்டுக் காதுகுத்து, சடங்கு, மூத்த மகன் கல்யாணம் எல்லாமே என் கேமராதான். இப்போது மகள் தேன்மொழிக்குக் கல்யாணம். வரவேற்பு வாசலில் வைக்க இரண்டு பெரிய ஃப்ரேம் கேட்டிருந்தார். ஒன்றில் பெண்ணின் ஜென்ம நட்சத்திரம், இன்னொன்றில் மாப்பிள்ளையின் ஜென்ம நட்சத்திரம். ஜாதகக் கட்டம் இல்லை. வானத்தில் இருக்கிற நிஜ நட்சத்திரத்தை நானே எடுத்த போட்டோ.

மேஜை மேல் சாம்பிள் பிரிண்ட் இரண்டையும் வைத்தேன். பெண்ணுக்குப் பூசம். கறுப்புத் துணியில் அரிசியை அள்ளித் தெளித்த மாதிரி ஒரு நட்சத்திரக் கூட்டம். மகாலிங்கத்துக்கு முகமெல்லாம் பல்.

"அடேங்கப்பா! இம்புட்டு அழகா! எம் பொண்ணாச்சே!"

அடுத்ததை எடுத்தார். மாப்பிள்ளைக்கு ரேவதி. நடுவில் இருந்ததை விரலால் துடைத்தார். போகவில்லை. துண்டு நுனியால் துடைத்தார். அப்போதும் போகவில்லை.

"அண்ணே, இது லென்ஸ்ல தூசியா?"

"இல்லப்பா, அது ஒரு கேலக்ஸி."

"அப்ப மாப்ள எங்கண்ணே?"

"அந்தத் தூசிதான்."

மகாலிங்கம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "மாப்ளையோட தாய்மாமன் அழகர்சாமியத் தெரியும்லண்ணே? நிச்சயத்தன்னிக்கு எங்க ஆளுகளை ஏன் ரெண்டாவது பந்தியில உக்கார வச்சீகன்னு இன்னிக்கு வரைக்கும் கேக்குறாரு. பொண்ணுக்கு அம்புட்டு நட்சத்திரம், எங்க பையனுக்கு மட்டும் அழுக்கான்னு மண்டபத்துலயே ஆரம்பிச்சிருவாரு. எம் பொண்ணு அந்த வீட்டுல போயி வாழணும்ணே."

அந்த அழுக்குக்கு நான் மூன்று ராத்திரி பனியில் கிடந்திருந்தேன்.

2. தேய்பிறையில் வேலை இல்லை

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாகமலை புதுக்கோட்டையில் முப்பது வருடமாக ஸ்டுடியோ. கல்யாணப் போட்டோதான் பிழைப்பு. எங்கள் பக்கத்தில் வளர்பிறை முகூர்த்தம் என்றால் ஒரு நாளில் மூன்று மண்டபம் ஓடவேண்டும். தேய்பிறையில் ஈ ஓட்டவேண்டும். ஆடியும் மார்கழியும் முழுப் பட்டினி. கேமராவைத் துடைத்துத் துடைத்து அதன் மேல் எழுதியிருந்த எழுத்தே அழிந்துபோனது.

அப்படி ஓய்ந்து கிடந்த ஒரு மார்கழியில்தான் ஒன்று உறைத்தது. நிலா இல்லாத இருட்டு வானம் எப்போது வேண்டுமோ, அப்போதெல்லாம் எனக்கு வேலை இல்லை. பஞ்சாங்கம் எழுதியவர்கள் கல்யாணப் போட்டோகிராபருக்கென்றே வானத்தை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். இதைச் சொன்னபோது என் மனைவி, "பேசாம மாடியைக் கழுவி விடுங்க" என்றாள்.

கையில் இருந்தது பழைய டிஎஸ்எல்ஆர் ஒன்று. ஜல்லிக்கட்டு எடுப்பதற்காக செகண்ட் ஹேண்டில் வாங்கிய 300 எம்எம் லென்ஸ் ஒன்று. கூட ஒரு டிராக்கர் மட்டும் வாங்கினேன். பூமி சுற்றுகிற வேகத்துக்கு ஏற்ப கேமராவை மெல்லத் திருப்புகிற சின்ன மோட்டார் அது. அதைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராக நிறுத்தவேண்டும். மதுரைப் பக்கம் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து பத்து டிகிரிதான் ஏறும். நான் படமெடுக்கப் போவது டி. கல்லுப்பட்டிப் பக்கம், மச்சான் மாரிச்சாமியின் தோட்டத்து மோட்டார் ரூம் மாடி. அங்கிருந்து வடக்கே பார்த்தால் மதுரையின் மொத்த வெளிச்சமும் அந்தப் பத்து டிகிரிக்குள்தான் நிற்கும். துருவன் அதற்குள் ஒளிந்துகொண்டு, முடிந்தால் கண்டுபிடி என்பான்.

முதல் வருடம் ஆசை கண்ணை மறைத்தது. இணையத்தில் பெரிய டெலஸ்கோப்காரர்கள் போட்ட படங்களைப் பார்த்துவிட்டு, நேராகக் குதிரைத்தலை நெபுலாவுக்குப் போனேன். நாலு ராத்திரிக்குப் பிறகு என் படத்தில் குதிரையும் இல்லை, தலையும் இல்லை. அப்புறம்தான் தொழில் புத்தி வேலை செய்தது. கையில் சின்ன ஃப்ளாஷை வைத்துக்கொண்டு மண்டபம் முழுக்க வெளிச்சம் போட நினைப்பவன் மடையன். தாலி கட்டும் இடத்துக்கு மட்டும் போட்டால் போதும். வானத்துக்கும் அதேதான் கணக்கு. டார்கெட் பெரிதாக இருக்கவேண்டும். அதாவது நிலாவை விட அகலமாக. பிரகாசமாக இருக்கவேண்டும். அதாவது பைனாகுலரில் பார்த்தாலே தெரியவேண்டும். வானத்தில் நன்றாக மேலே ஏறவேண்டும். அடிவானத்துப் புழுதிக்குள் நிற்பதை எடுப்பது, கண்மாய்க் கலங்கல் தண்ணீரில் முகம் பார்ப்பதுதான்.

இந்த மூன்றுக்கும் ஒத்துவருவது நிறையவே இருக்கிறது. கார்த்திகை, ஓரியன் நெபுலா, ஆண்ட்ரோமீடா, பூசம், விருச்சிகத்து வாலடியில் இருக்கும் இரண்டு கூட்டங்கள். அவை போதும். நான் எடுத்த கார்த்திகையை ஸ்டுடியோ சுவரில் மாட்டியிருந்தேன். கல்யாண ஆல்பம் பேச வந்த தேன்மொழி அதைப் பார்த்துவிட்டுத்தான், "பெரியப்பா, எங்க ரெண்டு பேரோடதையும் இப்படி எடுத்துத் தருவீங்களா?" என்று கேட்டாள்.

"அதுக்கென்னம்மா" என்றேன். அவர்கள் நட்சத்திரம் என்ன என்று கேட்காமலே சொன்னேன். இருபத்தேழு பேரில் பாதிப்பேர் என் லென்ஸுக்குச் சிக்காதவர்கள் என்பது அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை. வாயால் கெட்டவன் நான்.

3. இரண்டு வீட்டுக்கும் சமமாக

மார்கழி அமாவாசையை ஒட்டி நாலு நாள் வானம் தெளிந்தது. பூசம் நாற்பது நிமிட வேலை. அது தங்கமான டார்கெட். ஆனால் தைப்பூசத்தன்று அதைத் தேடாதீர்கள். ஊரே பூசத்தைக் கொண்டாடுகிற அன்றைக்கு முழுநிலா அதன் பக்கத்திலேயே போய் உட்கார்ந்து மொத்தக் கூட்டத்தையும் அமுக்கிவிடும்.

ரேவதி வேறு ஜாதி. அது ஒற்றை நட்சத்திரம். வெறும் கண்ணுக்கே மங்கல். கேமராவின் பின்திரையில் ஒரு புள்ளி, அவ்வளவுதான். இங்கேதான் கல்யாணப் போட்டோகிராபரின் புத்தி குறுக்கே வந்தது. பெண் வீட்டாருக்கு இருநூறு படம் எடுத்தால் மாப்பிள்ளை வீட்டாருக்கு இருநூற்றியொன்று எடுக்கவேண்டும். எங்கள் தொழிலில் அது எழுதாத சட்டம். மீறியவன் பந்தியில் இலை போட ஆளில்லாமல் நிற்பான். பெண்ணுக்கு ஒரு கூட்டம், மாப்பிள்ளைக்கு ஒரு புள்ளியா? முடியாது என்று முடிவு செய்தேன்.

ரேவதியிலிருந்து கொஞ்சம் தள்ளி, அதே மீன ராசியில், ஒரு கேலக்ஸி இருக்கிறது. படங்களில் சுருள் சுருளாக, அலங்காரப் பந்தல் மாதிரி இருக்கும். அதை மாப்பிள்ளைக்குக் கொடுத்துவிடலாம் என்று தீர்மானித்தேன். அது சின்னது, மங்கல், பெரிய டெலஸ்கோப்காரர்களே அலுத்துக்கொள்ளும் சாமான் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். நான் வகுத்த மூன்று விதியில் இரண்டை நானே மிதித்தேன்.

தினமும் பொழுது சாய்ந்ததும் முதலில் ரேவதியைப் பிடிப்பேன். அதன் மேல் வைத்து இரண்டு வினாடி டெஸ்ட் ஷாட் எடுத்து ஃபோகஸ் பார்ப்பேன். பிறகு அங்கிருந்து கேலக்ஸிக்கு நகர்வேன். லென்ஸில் பனி இறங்காமல் இருக்க என் மஃப்ளரைக் கழற்றி அதற்குச் சுற்றிவிட்டு, நான் தும்மிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

மூன்றாம் நாள் மாரிச்சாமி படியேறி வந்தார். "மாப்ள, மூணு நாளா ஒரே எடத்தையே எடுக்கீங்களே. அது என்ன ஓடியா போயிரப் போகுது?"

"வெளிச்சம் கம்மி மச்சான். சேத்துச் சேத்துத்தான் எடுக்கணும்."

"அப்ப வெளிச்சமா இருக்கதை எடுங்களேன்."

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கோவிச்சுக்குவாங்க."

மாரிச்சாமி என்னையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "அங்கேயுமா?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

4. ஆள்மாறாட்டம்

மறுபடி மகாலிங்கம் நாற்காலியில் உட்கார்ந்த இடத்துக்கு வருகிறேன். அவர் கண் சுவரில் இருந்த ஆண்ட்ரோமீடா மேல் விழுந்தது. போன வருடம் எடுத்தது. நல்ல பெரிய கேலக்ஸி, கம்பீரமாகச் சாய்ந்து கிடக்கும்.

"அண்ணே, இதை ரேவதின்னு போட்டுருங்க."

"அது ரேவதி இல்லப்பா."

"யாருக்குண்ணே தெரியப் போகுது? மேல ஏறிப் போயா பாக்கப் போறாங்க?"

உள்ளதைச் சொல்கிறேன், எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. முப்பது வருடமாக மாப்பிள்ளைகளுக்கு முடி நட்டவன் நான். தொந்தியைக் கரைத்திருக்கிறேன். சண்டை போட்டுக்கொண்டு கல்யாணத்துக்கே வராத சித்தப்பாவைக் குடும்பப் படத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன். ஒரு கேலக்ஸியை இடம் மாற்றுவது எனக்கு ஒரு வேலையா? சரி என்றேன். மகாலிங்கம் நிம்மதியாகப் போனார்.

சாயங்காலம் தேன்மொழி வந்தாள். ஆண்ட்ரோமீடா பிரிண்டுக்குக் கீழே 'ரேவதி' என்று எழுத்து வைத்துக்கொண்டிருந்தேன். அப்பா எல்லாவற்றையும் சொல்லியிருப்பார் போல. குனிந்து அந்த எழுத்தைப் படித்தாள்.

"நல்லாத்தான் இருக்கு பெரியப்பா. ஆனா ஆல்பத்துல அவருக்குப் பதிலா அவரை விட அழகா இருக்க வேற ஆளை ஒட்டுவீங்களா?"

"அதெப்படிம்மா?"

"இது மட்டும் எப்படி?"

சத்தம் போட்டுக் கேட்டிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன். அவள் மெதுவாகக் கேட்டாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. முப்பது வருடத்தில் ஒரு மணப்பெண் முன்னால் நான் தலைகுனிந்தது அன்றைக்குத்தான். "அவரோட நட்சத்திரம் வெறும் புள்ளின்னா புள்ளியவே குடுங்க பெரியப்பா. அவரு மாமாட்ட நான் பேசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சரி, புள்ளிதான் என்று உட்கார்ந்தேன். ரேவதியை நான் தனியாக எடுக்கவே இல்லை. இருந்ததெல்லாம் அந்த இரண்டு வினாடி டெஸ்ட் ஷாட்டுகள்தான். அழிப்பதற்காக ஒதுக்கி வைத்த ஃபோல்டரில் கிடந்தன. ஒன்றைத் திறந்து நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கினேன்.

இரண்டு புள்ளி இருந்தது.

கேமரா ஆடியிருக்கும் என்று நினைத்தேன். ஆனால் படத்தில் இருந்த மற்ற நட்சத்திரம் எல்லாம் ஒற்றையாக, உருண்டையாக இருந்தது. அடுத்த நாள் ஷாட்டைத் திறந்தேன். இரண்டு. மூன்றாம் நாள் ஷாட்டிலும் இரண்டு. செல்போனில் நட்சத்திர வரைபடத்தைத் திறந்து பார்த்தால், ரேவதி ஒரு இரட்டை நட்சத்திரம் என்று எழுதியிருக்கிறது. ஒன்றை விட்டு ஒன்று பிரியாமல் போகிற ஜோடி. வெறும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும். நிறைய நேரம் எடுத்தால் இரண்டும் வீங்கி ஒன்றாகிவிடும். என் ஜல்லிக்கட்டு லென்ஸில், இரண்டே வினாடியில்தான் அழகாகப் பிரிந்து நிற்கிறது. என் சாமானுக்கென்றே செய்துவைத்த டார்கெட். மூன்று நாளும் அதன் மேல் கால் வைத்து ஏறித்தான் அந்த அழுக்கை எடுக்கப் போயிருக்கிறேன். ஸ்டுடியோவில் தனியாக உட்கார்ந்து கெக்கெக்கே என்று சிரித்தேன். பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

5. எது எங்க பையன்

மண்டப வாசலில் இரண்டு ஃப்ரேம். பூசத்தில் கூட்டம். ரேவதியில் கறுப்புக்கு நடுவே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சுடர், ஒன்று சற்றுப் பெரிது, ஒன்று சற்றுச் சின்னது. அழகர்சாமி வந்தார். கண்ணாடியை மாட்டினார். மகாலிங்கம் தூணோடு தூணாக நின்றார். நான் கேமராவைச் சரிசெய்வது போல் குனிந்துகொண்டேன்.

"ஏம்ப்பா போட்டோக்காரரே, எங்க பையன் ஒத்தை ஆளு. இதுல ரெண்டு இருக்கே?"

"அது ஜோடிங்கய்யா. ரேவதியே ரெட்டை நட்சத்திரம்தான். பிரியாம சேந்தே போகும்."

அவர் ஃப்ரேமுக்கு இன்னும் கிட்டப் போனார். முகத்தில் ஒரு திருப்தி ஏறியது. "அந்தக் கூட்டத்துல ஜோடியே இல்ல, எங்க பையன்ட்டதான் இருக்கு. ஆமா, இதுல எது எங்க பையன்? பெருசுதானே?"

மகாலிங்கம் முகம் மறுபடி வாடியது. மேடைக்குப் போவதற்காக அந்தப் பக்கம் வந்த தேன்மொழி நின்றாள்.

"பெருசு நான் மாமா. அவரு பக்கத்துல இருக்காரு."

எல்லோரும் அழகர்சாமியைப் பார்த்தோம். அவர் தேன்மொழியைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், பிறகு மண்டபமே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தார். "சரித்தா! எங்க வீட்டுலயும் அதான் நெலவரம்! அத்தைட்டச் சொல்லிராத!" என்றார். தூணை விட்டு வந்த மகாலிங்கம் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பந்தி முடிந்து வெற்றிலையோடு அழகர்சாமி என்னிடம் வந்தார். "ரொம்ப நல்லாருக்குய்யா. இதை எடுக்க எம்புட்டு நேரம் ஆச்சு?"

மூன்று ராத்திரி என்று சொல்லியிருக்கலாம். மரியாதையாக இருந்திருக்கும். தேன்மொழி கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது.

"ரெண்டு செகண்டுங்கய்யா."

"ரெண்டு செகண்டா? மூணு ராத்திரி பனியில கெடந்தீகன்னு உங்க மச்சான் பந்தியில சொன்னாரே. அப்ப அது எதுக்குய்யா?"

சின்ன சாமானை வைத்துக்கொண்டு டார்கெட் தேடுகிற தம்பிகள் என்னிடம் வந்து நிறையக் கேட்கிறார்கள். எந்த லென்ஸ், எத்தனை நிமிடம், எந்த மென்பொருள் என்று. அழகர்சாமி கேட்ட அந்த 'எதுக்கு'வை மட்டும் இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. அன்றைக்கு அவர் கையிலிருந்த வெற்றிலையை வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன்.