ஹால்வர் திருப்பிக் கொடுத்த பாத்திரங்கள்

எங்கள் ஊரில் யார் வீட்டுக் கழிவுத் தொட்டி எந்தப் புல்லுக்கு அடியில் புதைந்திருக்கிறது என்று வரைபடம் பார்க்காமல் சொல்லக்கூடியவர் ஹால்வர் ஸ்கோக் ஒருவர்தான். நாற்பத்திரண்டு வருஷமாக அந்தத் தொட்டிகளை இறைத்து வருகிறார். வடக்கு மினசோட்டாவில், ஏரியைச் சுற்றிச் சிதறிக் கிடக்கும் எங்கள் வீடுகளுக்குப் பாதாளச் சாக்கடை கிடையாது. வீட்டுக்கு ஒரு தொட்டி, மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை ஹால்வரின் லாரி.

லாரியின் முதுகில் பெயரும் தொலைபேசி எண்ணும் மட்டும்தான் இருக்கும். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அங்கே ஏதாவது நகைச்சுவை எழுதி வைப்பது வழக்கம். அவரிடமும் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். "சிரிக்கறதுக்கு என்ன இருக்கு? எல்லா வீட்லயும் ஒரே சரக்குதான்" என்பார், முகத்தில் ஓர் அசைவும் இல்லாமல். அது நகைச்சுவைதானா என்பது பதினெட்டு வருஷம் எதிர்வீட்டில் இருந்தும் எனக்குத் தெளிவாகவில்லை.

போன அக்டோபரில் அவர் மனைவி மார்லிஸ் இறந்துபோனார். தோட்டத்தில் காரட் பிடுங்கிக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்து சாய்ந்துவிட்டார். கூடை பாதிதான் நிறைந்திருந்தது. நாற்பத்தொன்பது வருஷக் குடித்தனம்.

அன்று சாயங்காலமே பாத்திரங்கள் வரத் தொடங்கின. இங்கே இழவு வீட்டில் யாரும் வாய்விட்டு அழுவதில்லை. ஹாட்டிஷ் கொண்டுவருவார்கள். கொத்துக்கறியும் நூடுல்ஸும் டப்பாவில் வந்த காளான் சூப்புமாகக் கலந்து, மேலே உருளைக்கிழங்குத் துண்டுகளை அடுக்கி, ஓவன் அடுப்பில் வைத்துச் சுட்டெடுத்த பண்டம் அது. வாசலில் நின்றபடியே நீட்டி, "முந்நூத்தம்பது டிகிரியில அரை மணி வச்சா போதும் ஹால்வர்" என்பார்கள். இரங்கல் உரை அவ்வளவுதான்.

பத்து நாளில் பதினேழு வீட்டிலிருந்து வந்துவிட்டது. யார் யார் கொண்டுவந்தார்கள் என்பதைத் தேவாலயப் பெண்கள் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார்கள். அவை போக நானும் ஓர் எவர்சில்வர் தூக்கில் புளியோதரை கொண்டுபோனேன். கொடுத்துவிட்டு வந்தபின் மூன்று நாள் நிம்மதியில்லை. காரம் கூடிப்போயிற்றோ, நிலக்கடலை அவருக்கு ஆகாதோ, துக்க வீட்டுக்குப் புளியோதரை கொண்டுபோகலாமோ கூடாதோ. ஒரு வாரம் பொறுத்துக் கேட்டேன். "வித்தியாசமா இருந்துச்சு" என்றார். இந்த ஊரில் அதைவிடக் கடுமையான கண்டனம் கிடையாது.

பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கவும் ஒரு முறை உண்டு. ஒவ்வொன்றின் அடியிலும் காகித டேப் ஒட்டி அதில் உரியவரின் பெயர் எழுதியிருக்கும். பளிச்சென்று கழுவித் தர வேண்டும், வெறுமனே தரக்கூடாது. ஹால்வருக்குச் சமைக்கத் தெரியாது. ஆனால் பனிக்கட்டியில் துளைபோட்டு மீன் பிடிக்கவும், பிடித்ததைப் புகை போட்டுப் பதப்படுத்தவும் தெரியும். பாத்திரத்துக்கு இரண்டு மீன் என்று முடிவு செய்தார். ஜனவரியில் தரை கல்லாக இறுகிவிடும். தொட்டி வேலை இருக்காது. மீனுக்கு நேரம் இருந்தது.

நேரம் இருந்ததுதான் வினையாயிற்று. அந்தத் தொழிலில் இருப்பதாலேயே அவருக்குச் சுத்தத்தில் ஒரு வெறி. வேலை முடிந்து வந்தால் முழங்கைவரை மூன்று முறை கழுவாமல் சமையலறைக்குள் கால் வைக்கமாட்டார். சமையலறையில் இருந்த எல்லாப் பாத்திரங்களையும் துணி துவைக்கும் பெரிய தொட்டியில் போட்டு, சோடா கலந்து, கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றி, இரண்டு நாள் ஊறவிட்டார். மூன்றாம் நாள் காலை என் வாசலில் வந்து நின்றார். உள்ளங்கையில் ஈரக் காகிதச் சுருள்கள். ஒன்றிலும் மை இல்லை.

"என்ன இது ஹால்வர்?"

"ஊரு" என்றார்.

என் தூக்கை மட்டும் கையோடு கொண்டுவந்திருந்தார். அதன் விளிம்பில் என் மாமியாரின் பெயரும் தேதியும் கடையிலேயே வெட்டியது அப்படியே இருந்தது. அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "உங்க ஆளுங்க விவரமானவங்க" என்றார்.

"நோட்டுல பேரு இருக்கே. ஒவ்வொருத்தர்கிட்டயா போய் உங்களோடது எதுன்னு கேட்டுட்டா போச்சு."

"கேக்கறதா?" அவர் என்னைப் பார்த்த பார்வையில், தேவாலயத்துக்குள் செருப்பை விட்டெறியச் சொன்னவன் போல ஆகிவிட்டேன். "அவங்க பேரு எழுதிக் குடுத்தாங்க. நான் கழுவிட்டேன். இப்பப் போய்க் கேட்டா, நீ குடுத்தது எனக்கு ஞாபகம் இல்லன்னு மூஞ்சிக்கு நேரா சொல்றாப்பல. கழிவுத் தொட்டியா இருந்தா கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லிடுவேன்."

ஆகவே உத்தேசமாகக் கொடுத்தார். ஒரு சனிக்கிழமை முழுக்கப் பதினேழு வீடு ஏறி இறங்கினார். பதினேழு வீட்டிலும், "ஆமா, இதேதான், நன்றி ஹால்வர்" என்று வாங்கிக்கொண்டார்கள். இது என்னுடையது இல்லை என்று ஒரு துக்கக்காரரிடம் எப்படிச் சொல்வது? நான் வேலை பார்க்கும் மருந்துக் கடைக்கு எல்லோரும் வந்தாக வேண்டும். அந்த வாரம் ஒவ்வொருவராக வந்து, மாத்திரையை வாங்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்கள். "ஹால்வர் பாத்திரம் குடுத்தாரு. பாவம். என்னோடதுல பாதிகூட இல்ல" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி, "என்னோடதைவிட ரெண்டு மடங்கு" என்றாள். அவர்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்து வீடு. ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்ளவில்லை. ஊரே அடுத்தவர் பாத்திரத்தில் சமைத்துச் சாப்பிட்டது.

எல்லாம் கொடுத்து முடித்தபின் ஒன்று மிஞ்சியது. அது நம்முடையதாகத்தான் இருக்கும் என்று ஹால்வர் அதை அலமாரியில் வைத்தார்.

மார்ச் மாதம் ஒரு ஞாயிறு. தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில் மதியச் சாப்பாடு. வெர்னா லிண்ட்பர்க் அவித்த பீன்ஸ் கொண்டுவந்திருந்தார். நீலப்பூ போட்ட வெள்ளைப் பாத்திரம். அந்தப் பூ இங்கே பாதி வீட்டில் உண்டு, யாரும் கவனிக்கமாட்டார்கள். வரிசையில் கடைசியாக வந்த ஹால்வர் அடியில் இருந்ததை வழித்துப் போட்டுக்கொண்டவர், கரண்டியை வைக்காமல் நின்றுவிட்டார்.

மறுநாள் கடைக்கு வந்தார். மாத்திரை எதுவும் வாங்கவில்லை.

"வெர்னாகிட்ட இருக்கறது மார்லிஸோடது" என்றார். "உள்ள இடது மூலையில கத்திக் கீறல். அவ எது சுட்டாலும், யாரும் வர்றதுக்கு முந்தி அந்த மூலையில ஒரு துண்டு எனக்கு வெட்டிக் குடுப்பா. நாப்பத்தொம்போது வருஷக் கீறல்."

"அப்ப எப்படித் தெரியாம குடுத்தீங்க?"

"வெளிய இருக்கற பூவை நான் எங்க பாத்தேன்? இத்தனை வருஷமும் உள்ள இருந்த சாப்பாட்டைத்தான் பாத்தேன். கழுவறப்ப கீறலைத் தேடணும்னு தோணல."

"அது எனக்கு வேணும்" என்றார். பதினெட்டு வருஷத்தில் அவர் எதையாவது வேண்டும் என்று சொல்லிக் கேட்டது அதுதான் முதல் முறை.

வேறு யாராக இருந்தாலும் ஒரு வழி இருந்திருக்கும். வெர்னாவிடம் கேட்பது கஷ்டம். அவரும் மார்லிஸும் முப்பது வருஷத் தோழிகள். தேவாலயச் சமையலறையில் அடுத்தடுத்து நின்று பாத்திரம் கழுவியவர்கள். மூன்று வருஷத்துக்கு முன் சமையலறைக் குழுவுக்கு வெர்னா தலைவியானதும் காப்பி மெஷின் ஒன்று வாங்கினார். அதுவரை மார்லிஸ்தான் காப்பி போடுவார், காப்பித் தூளில் முட்டையை உடைத்துக் கலந்து கொதிக்கவிட்டு வடிக்கும் பழைய முறையில். மெஷின் வந்த அன்று மார்லிஸ், "நல்லதுதான், வேலை மிச்சம்" என்றார். அடுத்த ஞாயிறு முதல் வீட்டிலிருந்து பிளாஸ்க் கொண்டுவந்தார். அதே பெஞ்சில், வெர்னாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காப்பியைத் தானே ஊற்றிக் குடித்தார். சண்டை என்று யாரும் சொல்ல முடியாது. இருவரும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள், பருவநிலையைப் பற்றி மட்டும். அப்படியே மார்லிஸ் போய்விட்டார்.

ஹால்வர் முதலில் சாடையாகக் கேட்டுப் பார்த்தார். வெர்னா வீட்டுக்குப் போய், "அன்னிக்கு பீன்ஸ் கொண்டுவந்தியே, நல்ல பாத்திரம் அது" என்றாராம். "ஆமா, நல்ல பாத்திரம்தான்" என்றாராம் வெர்னா. பிறகு இருவரும் பனி உருகுவதைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறார்கள்.

அதன்பின் என்னிடம் யோசனை கேட்டார்.

"எந்த வியாதிக்கு ஹாட்டிஷ் கொண்டுவருவாங்க?"

"புரியல."

"காய்ச்சல்னா சூப்புதான் வரும், ஜாடியில. பாத்திரத்துல வரணும். ஆபரேஷன் வரைக்கும் போக வேண்டாம்."

மருந்துக் கடைக்காரன் பொய் வியாதிக்குத் துணைபோனான் என்று ஊருக்குத் தெரிந்தால் என்ன ஆவது?

"பொய்யில்லையே" என்றார். "முதுகு வலின்னு சொல்றேன். நாப்பது வருஷமா வலிக்குது. இதுவரைக்கும் சொன்னதில்ல, அவ்வளவுதான்."

சொன்னார். ஏப்ரல் முதல் வாரம், இரண்டு நாள் லாரி வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் மதியம் நான் ஒப்புக்குத் தைலத்தோடு போய் உட்கார்ந்திருந்தபோது வெர்னாவின் கார் வந்து நின்றது. ஹால்வர் சோபாவில் மல்லாந்து, மார்பில் கையைக் கட்டிக்கொண்டு, கதவையே பார்த்தார்.

வெர்னா கையில் இருந்தது கடையில் வாங்கிய அலுமினியத் தட்டு.

"இது கழுவ வேண்டாம், தூக்கிப் போட்டுடு" என்று அதை மேசையில் வைத்தார். கோட்டைக் கழற்றாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"ஏரியில ஐஸ் உருகிடுச்சு" என்றார்.

"ஆமா. சீக்கிரந்தான்" என்றார் ஹால்வர்.

"போன வருஷத்துக்கு ஒரு வாரம் முன்ன."

"இருக்கும்."

நான் எழுந்துகொள்ளலாமா என்று பார்த்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை.

"நல்ல பாத்திரத்துலதான் வைக்கணும்னு எடுத்தேன்" என்றார் வெர்னா. "மனசு வரல. நீ திருப்பித் தர்றேன்னு வேற யாருக்காவது குடுத்துடுவ. ஊர்ல எல்லாருக்கும் மாத்தி மாத்திக் குடுத்திருக்க, உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"யாரும் சொல்லமாட்டாங்க. நானும் சொல்லியிருக்கமாட்டேன். ஆனா எனக்கு நீ குடுத்தது தப்பா குடுத்தது இல்ல. ஊர்ப் பாத்திரம் உனக்கு அடையாளம் தெரியாம இருக்கலாம். அவ பாத்திரம் தெரியாம போகுமா? நாப்பத்தொம்போது வருஷம் அதுல சாப்பிட்டிருக்க."

ஹால்வர் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ அன்னிக்கு ஒரு வார்த்தை பேசாம குடுத்துட்டுப் போன. நானும் கேக்கல. மூணு மாசமா நெனச்சு நெனச்சுப் பாக்கறேன்." வெர்னா கையுறைகளை ஒன்றின் மேல் ஒன்றாக மடியில் வைத்து நேராக்கினார். "அவதான் குடுக்கச் சொன்னாளா, ஹால்வர்?"

ஹால்வர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. ஒரு வீட்டுத் தொட்டி நிரம்ப இன்னும் ஒரு வருஷம் ஆகும் என்றால், திறந்த மூடியை மூடிவிட்டு ஒன்றும் வாங்காமல் வரும் மனிதர்.

"ஆமா" என்றார்.

வெர்னா தலையை ஆட்டினார். கண்ணைத் துடைக்கவில்லை. மூக்கை மட்டும் ஒரு முறை உறிஞ்சினார். "அந்த மெஷின் காப்பி வாயில வைக்க முடியல" என்றார். "எனக்கும் தெரியும். வாங்கியாச்சு, என்ன பண்றது."

"சூடா இருக்கே, அது போதும்" என்றார் ஹால்வர்.

வெர்னா எழுந்தார். ஹால்வரும் சட்டென்று எழுந்து, கதவைத் திறந்துவிட்டு, படியில் இறங்கி, கார்வரை கூடவே நடந்து, சேறு அப்பியிருந்த கார்க் கதவை இழுத்துத் திறந்து பிடித்தார். அதற்குப் பிறகுதான் அவருக்கு முதுகு ஞாபகம் வந்திருக்க வேண்டும். கையை இடுப்புக்குக் கொண்டுபோனார். வெர்னா அதைப் பார்த்தார். "முதுகைப் பாத்துக்கோ" என்று சிரிக்காமல் சொல்லிவிட்டுக் காரைக் கிளப்பினார்.

ஹால்வர் உள்ளே வந்து மேசை முன் உட்கார்ந்து அலுமினியத் தட்டின் மூடியைப் பிரித்தார். எனக்கும் ஒரு முள்கரண்டி எடுத்து வைத்தார்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பாங்களே, ஹால்வர்."

"குடுத்திருப்பா. அதான் கேக்கல."

"மார்லிஸ் உண்மையிலேயே குடுக்கச் சொல்லியிருப்பாங்களா?"

அவர் நன்றாக யோசித்தார்.

"மாட்டா" என்றார். "இப்ப மாட்டா. அவ பிடிவாதம் உனக்குத் தெரியாது. இன்னும் ரெண்டு வருஷம் போயிருந்தா குடுத்திருப்பா." தட்டைச் சுற்றித் திருப்பி எந்தப் பக்கம் தொடங்குவது என்று பார்த்தார். "அவளுக்கு நேரம் பத்தல. எனக்குத்தான் இருக்கு."